வளைவு, கவிவு, குவிவு: கட்டடக் கலைச்சொல்லாக்கத்தில் வடிவமும் வினையும்

1. முன்னுரை

தில்லியின் தென்பகுதியிலுள்ள கிட்வாய் நகர், விடுதலைக்குப் பின்னர் நடுவணரசு ஊழியர்களுக்கென எழுந்த குடியிருப்பாகும். ரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கிய இந்நகரின் கிழக்குப் பகுதி 2010களில் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கட்டடங்களாக மீண்டும் எழுப்பப்பட்டது. அப்பகுதியில்தான் லோதி அரசர்களிடம் உயர்பதவி வகித்த தரியா கான் லோகானியின் கல்லறை உள்ளது. உயர்ந்த மேடையும், அதன் மூலைகளில் குவிமாடம் கவிந்த சிறு மண்டபங்களும், நடுவே கூரையற்ற வெளியில் கல்லறையுமாக அது அமைந்துள்ளது. அருகிலுள்ள சவுத் எக்ஸ்டென்ஷன் பகுதியில் படே கான், சோட்டே கான் ஆகியோர் பெயரால் வழங்கும் சதுரக் கல்லறைகள் நிற்கின்றன. அவற்றையடுத்த கோட்லா முபாரக்பூரில், 1434இல் இறந்த சையது மரபு அரசர் முபாரக் ஷாவின் எண்கோணக் கல்லறை உள்ளது. சிறிது தொலைவுக்குள் வளைவு, குவிமாடம், மூலைத் தாங்கல், சாய்ந்த உதைசுவர் ஆகிய அனைத்தையும் காணத்தக்க இடம் இது.

இக்கட்டடங்களைப் பற்றி ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்ட ஒரு பக்கக் குறிப்பைத் தமிழாக்க முற்படும் மொழிபெயர்ப்பாளர் முதற்பத்தியிலேயே இடர்ப்படுகிறார். 'ஆர்ச்', 'வால்ட்', 'டோம்' ஆகிய மூன்றையும் 'வளைவு' என்றோ 'வளைந்த கூரை' என்றோ ஒரே வாய்பாட்டில் அடக்க நேர்கிறது. 'வூசார்', 'ஸ்பிரிங்கர்', 'கீஸ்டோன்', 'ஹான்ச்', 'ஸ்பேண்ட்ரல்', 'அபட்மென்ட்' என உறுப்புப் பெயர்கள் தொடரும்போது, ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளைத் தனித்தனியே பெயர்ப்பதைத் தவிர வேறு வழி அவருக்குத் தோன்றுவதில்லை.

இதனைத் தமிழின் சொல்வறுமை எனக் கொள்வது பொருந்தாது. வளைந்த வடிவத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழில் மிகுதி. வளைவு ஆற்றும் வினையைக் குறிக்கும் கலைச்சொற்களே அருகிக் காணப்படுகின்றன. வடிவச் சொற்களை வினைக்குப் பதிலாக வைத்ததால் நேர்ந்த குழப்பத்தையும், அதனைக் களையத் தமிழின் வினையடிகளே போதும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. வளைவு என்னும் வினை

ஒரு திறப்பின் மேல் சுமையைத் தாங்கத் தொன்றுதொட்டு இருவழிகள் உள்ளன. முதலாவது, இரு தூண்களின் மேல் உத்திரத்தைக் கிடத்துவது. உத்திரம் சுமையால் தொய்யும். அதன் அடிப்பகுதி இழுபடும். கல் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. ஆகவே கல் உத்திரத்தின் நீளம் மிகக்கூடாது. தூண்கள் நெருங்கி நிற்க வேண்டும். தமிழகக் கோயில்களின் நூற்றுக்கால், ஆயிரக்கால் மண்டபங்கள் இந்த இயற்கையிலிருந்து பிறந்தவை.

இரண்டாவது வழி, ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை வளைவாக அடுக்குவது. ஒவ்வொரு கல்லும் கீழே நழுவ முயன்று, அம்முயற்சியாலேயே அண்டைக் கற்களை அழுத்தி நிற்கிறது. இதில் இழுப்பு இல்லை, அழுத்தமே உண்டு. ஆனால் அவ்வழுத்தம் செங்குத்தாக மட்டும் இறங்குவதில்லை. வளைவின் இரு அடிகளும் பக்கவாட்டில் வெளிநோக்கி உதைக்கின்றன. அவ்வுதைப்பை எதிர்க்கும் சுவரோ, மண்மேடோ, மற்றொரு வளைவோ இல்லையெனில் வளைவு விரிந்து வீழும். முபாரக் ஷா கல்லறையின் எண்கோண மூலைகளில் சாய்ந்து நிற்கும் கட்டுமானம் கண்ணுக்கு அழகு சேர்ப்பதோடு இவ்வுதைப்பையும் வாங்கிக்கொள்கிறது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவது முறையும் உண்டு. கற்களை வரிசைக்கு வரிசை சிறிது உள்நோக்கிப் பிதுக்கி, கிடையாகவே அடுக்கிச் சென்று உச்சியில் இணைப்பது அது. கட்டடக் கலை ஆய்வாளர் இதனைக் கதலிகா கரணம் என்பர். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்கூடு இம்முறையில் எழுந்ததே. தில்லியிலும் குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் திரைச்சுவர் 1199 அளவில் எழுந்தபோது, அதன் வளைவுகளை உள்ளூர்க் கல்தச்சர் பிதுக்கி அடுக்கியே கட்டினர். வடிவம் கூர்முனை வளைவு, வினையோ அடுக்கு. ஆப்புக்கற்களால் ஆன வளைவைத் தில்லியில் காண, 1287 அளவில் எழுந்த பல்பனின் கல்லறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1311இல் அலாய் தர்வாசாவில் அம்முறை முழுமை பெற்றது.

ஒரே வடிவத்தை இரு வேறு வினைகள் உண்டாக்கலாம் என்பதற்கு இந்த வரலாறே சான்று. எனவே வடிவத்தை மட்டும் பெயரிடும் சொல், கட்டடக் கலையில் பாதியை மட்டுமே பெயரிடுகிறது. ஆங்கிலத்தை ஒட்டிப் பிதுக்கி அடுக்கிய வளைவைப் 'பொய்வளைவு' என்பதும் ஏற்புடையதன்று. தஞ்சை விமானத்தைத் தாங்கும் ஒரு முறை எவ்வகையிலும் பொய்யாகாது. அதனைப் 'பிதுக்கடுக்கு' என்பது அதன் வினையையே பெயராக்குவதாகும்.

3. மரபுச் சொற்கள் குறிப்பன

கோயிற் கட்டடக் கலையில் வளைந்த வடிவங்களுக்குப் பெயர்கள் குறைவில்லை. கபோதத்தின் மேல் குதிரை லாட வடிவில் அமையும் அணி கூடு எனவும் நாசிகை எனவும் பெயர் பெறும். தேவகோட்டத்தின் மேல் அமைவது மகரதோரணம். நீள்சதுரத்தின் மேல் வண்டிக்கூண்டு போல் கவிந்த கூரை சாலை. பின்புறம் யானை முதுகுபோல் வளைந்த விமானம் தூங்கானை மாடம். கூரையின் வளைந்த வெளிநீட்சி கொடுங்கை. மாமல்லபுரத்துப் பீம ரதத்தைக் காண்பவர் வளைந்த கூரையின் முழு இலக்கணத்தையும் காண்கிறார். ஆனால் அது ஒரே பாறையில் செதுக்கப்பட்டது. அங்கே எந்தக் கல்லும் எந்தக் கல்லையும் அழுத்தவில்லை. மரத்தாலும் மூங்கிலாலும் ஆன முந்தைய கூரையின் உருவமே கல்லில் நிலைத்தது.

கொடுங்கையும் அவ்வாறே. ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற ஒன்றைச் செய்வதில்லை என முன்கூட்டியே சொல்லிப் பணி ஏற்பது சிற்பியர் வழக்கம் என்பது மரபுச் செய்தி. அதன் அருமை, கல்லை மெல்லிய தகடு போல் வளைத்துக் காட்டியதில் உள்ளது. அங்கும் வளைவு ஒரு தோற்றமே. சுமையை இரு பக்கமும் பகிர்ந்தளிக்கும் கட்டுமானம் அன்று. இம்மரபில் வளைவு என்பது அணி. உத்திரம் என்பது கட்டு. ஆகவே வளைவுச் சொற்கள் அனைத்தும் வடிவத்தையே நோக்கின.

மாறாக, உத்திரக் கட்டுமானத்தில் தமிழின் சொல்வளம் வினையை ஒட்டியே செல்கிறது. தூணின் மேற்பகுதியில் கலசம், தாடி, கும்பம், பாலி, பலகை, வீரகண்டம், போதிகை என்றும், அதன்மேல் உத்திரம், வாஜனம், வலபி, கபோதம் என்றும் சுமை இறங்கும் வழியிலுள்ள ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் உண்டு. சுமை எதன்வழி இறங்குகிறதோ அதனைத் தமிழும் வடமொழியும் கலந்த இச்சிற்ப வழக்கு நுணுகிப் பெயரிட்டது. வளைவு தமிழகத்தில் கட்டுமான முறையாகப் பரவியபோது, அதற்கு இத்தகைய பெயர்வரிசை அமையவில்லை. செஞ்சிக் கோட்டைக் களஞ்சியங்களின் கவிந்த கூரைகளும், 1636ஐ ஒட்டி மதுரையில் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் வளைவுகளும், 1843இல் தாமிரபரணியின் குறுக்கே எழுந்த சுலோச்சன முதலியார் பாலத்தின் வளைவுகளும் கொத்தரின் கைத்திறனால் நின்றன. அக்கைத்திறனின் சொற்கள் கலைச்சொல் பட்டியல்களில் முறையாக இடம்பெறவில்லை.

மக்கள் வழக்கில் எஞ்சிய சில சொற்கள் கருதத்தக்கவை. பாலத்தின் இரு தாங்கல்களுக்கு இடைப்பட்ட திறப்பு 'கண்' எனப்படுகிறது. கொல்லம் - செங்கோட்டை இருப்புப்பாதையில் கழுதுருட்டிக்கு அருகிலுள்ள வளைவுப் பாலம் பதின்மூன்று கண்ணறைப் பாலம் என்றே மலையாளத்தில் பெயர் பெற்றுள்ளது. இங்கே மக்கள் பெயரிட்டது கல்லை அன்று, வெளியை. பாலத்தின் வழியே நீரும் ஆளும் செல்லும் இடமே அவர்களுக்கு முதன்மையானது. 'ஸ்பான்' என்பதற்கு இச்சொல் எளிதில் பொருந்தும்.

'தோரணம்' மட்டும் எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. தோரண வாயில் என்ற தொடர் பரவலாக வழங்குவதால் 'ஆர்ச்' என்பதற்கு நேராகத் தோரணத்தை ஆளும் போக்கு உண்டு. தமிழ் வழக்கில் தோரணம் முதன்மையாகத் தொங்குவது. மாவிலைத் தோரணமே அதன் அன்றாடப் பொருள். தொங்கும் தோரணத்தில் இழுப்பு மட்டுமே உண்டு. வளைவில் அழுத்தம் மட்டுமே உண்டு. இராபர்ட் ஹூக் 1675இல் எழுத்துகளை இடம்மாற்றிப் புதிராக வெளியிட்ட கருத்தும் இதுவே: தொங்கும் சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால் நிற்கும் வளைவின் வடிவம் கிடைக்கும். ஆகவே தோரணமும் வளைவும் ஒன்றுக்கொன்று தலைகீழ் எதிர்கள். ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு வைப்பது, கட்டடப் பொறியியலின் அடிப்படை உண்மையைத் தலைகீழாக்குவதாகும். அலங்கார வாயிலுக்குத் தோரணம் தகும். சுமை தாங்கும் வளைவுக்குத் தகாது.

4. கடன்சொற்களும் பொருள் மயக்கமும்

தில்லியில் இந்தியிலிருந்து தமிழாக்குவோர்க்கு மற்றொரு இடர் உண்டு. இந்தியிலும் உருதுவிலும் 'மெஹ்ராப்' என்பது எவ்வகை வளைவையும் குறிக்கும் பொதுச்சொல். அரபு மூலத்தில் அது பள்ளிவாசலில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தைக் குறித்தது. தமிழ் முசுலிம்களின் வழக்கில் 'மிஹ்ராப்' அம்மூலப் பொருளிலேயே நிலைத்துள்ளது. இந்திக் குறிப்பில் வாயிலின் மெஹ்ராப் என வருவதைத் தமிழில் மிஹ்ராப் என்றே எழுதினால், வாயிலில் தொழுகை மாடம் இருப்பதாகத் தமிழ் வாசகர் கொள்வார். ஒலி ஒன்றாக, பொருள் விலகி நிற்கும் சொற்களுக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

தரியா கான் கல்லறையின் மூலை மண்டபங்களை வடக்கே 'சத்ரி' என்பர். குடையைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது அது. தமிழில் ஒலியொப்புமையால் சத்திரம் என்று கொண்டால் வழிப்போக்கர் தங்கும் விடுதியாகிவிடும். குடையைக் கவிகை எனக் குறிக்கும் வழக்கு திருக்குறளிலேயே உண்டு. ஆகவே 'கவிகை மாடம்' என்பது சத்ரிக்குப் பொருளாலும் படிமத்தாலும் நிகரானது.

'கமான்' தமிழ்நாட்டில் வழங்கிய சொல்லே. பாரசீகத்தில் வில் என்று பொருள்படும் இச்சொல் மராத்தியிலும் வளைவைக் குறிக்கிறது. இலத்தீனத்தில் 'ஆர்க்கஸ்' என்பதற்கும் வில் என்பதே பொருள். ஆங்கில 'ஆர்ச்' அதிலிருந்து பிறந்தது. தமிழில் அமைந்த 'வில்வளைவு' அதே படிமத்தைத் தனிவழியில் எட்டியது. 'கும்மட்டம்' பாரசீக 'கும்பத்' என்பதன் தமிழ் வடிவம். 'குப்பா' என்ற அரபுச் சொல்லும் பள்ளிவாசல்களைப் பற்றிய தமிழில் உண்டு. இவை தமிழாகிவிட்ட சொற்கள். வரலாற்று நூல்களிலும் புனைகதையிலும் இவற்றை விலக்க வேண்டிய தேவை இல்லை. எனினும் இவற்றினின்று உறுப்புப் பெயர்களை ஈன்றெடுக்க இயலாமையால், கலைச்சொல் தொகுதிக்கு இவை அடிச்சொற்கள் ஆகா.

கடன்சொற்களுள் மிக ஆழ்ந்து நோக்கத்தக்கது 'சென்டரிங்'. ஆங்கிலத்தில் இது, வளைவைக் கட்டும்போது ஆப்புக்கற்கள் நழுவாமல் தாங்கி, கடைசிக் கல் அமைந்தபின் அகற்றப்படும் மரச்சட்டத்தைக் குறித்தது. இன்று தமிழ்நாட்டுக் கட்டட வழக்கில் சென்டரிங் அடிப்பது என்றால் தட்டையான கான்கிரீட் தளத்துக்குப் பலகையும் முட்டும் அமைப்பதே ஆகும். வளைவு கட்டும் தொழில் அருகிய பின்னரும் அதன் துணைக்கருவியின் பெயர் நின்று, தளம் வார்க்கும் தொழிலுக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே வளைவைப் பற்றிய நூலில் சென்டரிங் என்று எழுதினால், கட்டுமானத் தொழிலாளிக்குப் பொருள் தவறாகவே போய்ச்சேரும். 'வளைவுத் தாங்குசாரம்' என்று பெயர்க்க வேண்டியது இவ்விடத்தில் தனித்தமிழ்ப் பற்றால் அன்று; பொருட்டெளிவுக்காகவே.

5. மூன்று வினையடிகள்

வளைவு, நீள்கவிகை, குவிமாடம் ஆகிய மூன்றும் ஒரே கொள்கையின் மூன்று வளர்ச்சிகள். ஒரு தளத்தில் அமைவது வளைவு. அவ்வளைவை ஒரு நேர்கோட்டில் நீட்டினால் கிடைப்பது 'வால்ட்'. அவ்வளைவையே தன் செங்குத்து அச்சில் சுழற்றினால் கிடைப்பது 'டோம்'. இம்மூன்று நிலைகளுக்கும் மூன்று தமிழ் வினையடிகள் ஆயத்தமாக உள்ளன: வளை, கவி, குவி.

வளைதல் கோட்டுக்குரியது: வில் வளையும், பாதை வளையும். கவிதல் பரப்புக்குரியது: குடை கவியும், இருள் கவியும், ஒன்றன்மேல் மூடிப் பரவுதலே அதன் பொருள். குவிதல் ஒரு புள்ளியை நோக்கியது: கை குவியும், மலர் குவியும். குவிமாடம் என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றதும், வளைவு என்ற சொல் சென்னையின் அண்ணா வளைவு போன்ற இடப்பெயராகவே மக்கள் நாவில் ஏறியதும் இவ்வினையடிகளின் பொருத்தத்தை உணர்த்தும். இடையிலுள்ள 'வால்ட்' என்பதற்கு மட்டுமே உறுதியான சொல் இல்லை. வளைகூரை என்பது வளைவுடன் மயங்கும். வளைமாடம் என்பது குவிமாடத்துடன் மயங்கும். 'கவிகூரை' என்பது இவ்விரு மயக்கத்தையும் தவிர்க்கிறது. கவிந்த, கவிகின்ற, கவியும் கூரை என முக்காலமும் விரியும் வினைத்தொகை இது. ஆங்கிலத்தின் 'வால்ட்', 'வூசார்' ஆகிய இரண்டுமே சுழற்றுதல், உருட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்தவை. அம்மொழியும் வினையையே அடியாகக் கொண்டது என்பது நோக்கத்தக்கது.

வளைவு என்பது சாலைத் திருப்பத்தையும் குறிக்குமே என்னும் தடையை எழுப்பலாம். சூழல் பெரும்பாலும் இம்மயக்கத்தைத் தீர்த்துவிடும். தீராத இடத்தில் முதன்முறை 'வில்வளைவு' என்று கூறிப் பின்னர் வளைவு என்று தொடரலாம். கூர்முனை வளைவு வில்போல் இல்லை என்பதும் தடையாகாது. 'ஆர்க்கஸ்' வழிவந்த சொல்லே ஐரோப்பாவில் கூர்முனை வளைவையும் குறிக்கிறது.

6. உறுப்புப் பெயர்கள்: ஒரு மதிப்பீடு

ஆப்பு வடிவக் கல்லாகிய 'வூசார்' என்பதற்கு 'வளைவுக்கல்' என்பது இருப்பிடத்தை மட்டும் கூறும். 'ஆப்புக்கல்' என்பது, அக்கல் ஏன் விழுவதில்லை என்பதையே பெயரில் கூறிவிடுகிறது. பேச்சுவழக்கில் ஆப்பு வைத்தல் என்பதற்கு ஏளனப் பொருள் உண்டு என்பதால் சிலர் தயங்கலாம். எனினும் மரம் பிளப்போர்க்கும் தச்சர்க்கும் ஆப்பு இன்றும் கருவிப்பெயரே. தொழிலில் வழங்கும் பொருளைப் பேச்சின் நகை வீழ்த்திவிடாது.

'கீஸ்டோன்' என்பதற்குச் 'சாவிக்கல்', 'திறவுகல்' என்பன சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. தமிழில் சாவி முதலில் நினைவூட்டுவது திறத்தலை, இக்கல்லோ அடைப்பது. செருமானியர் இதனை முடிக்கும் கல் என்னும் பொருள்பட 'ஷ்லுஸ்ஷ்டைன்' என்பர். வடநாட்டுக் கட்டட வழக்கில் வளைவைக் குறிக்கும் 'டாட்' என்னும் சொல்லுக்குப் புட்டியின் வாயை அடைக்கும் அடைப்பான் என்பதும் பொருள். மேலும், இந்த ஒரு கல்லே வளைவு முழுவதையும் தாங்குகிறது என்பது பொதுவான தவறான எண்ணம். எல்லா ஆப்புக்கற்களும் அழுத்தத்தைச் சுமக்கின்றன. கடைசியில் வைக்கப்படுவதும், வைத்தபின் தாங்குசாரத்தை அகற்ற இடம்தருவதுமே இக்கல்லின் சிறப்பு. இங்கே தமிழ்ப் புணர்ச்சி ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது. வல்லினம் மிக்கு 'முடிக்கல்' என்றால் முடியிலுள்ள கல். மிகாமல் 'முடிகல்' என்றால் வளைவு முடியும் கல். முன்னது இடத்தையும் பின்னது வினையையும் குறிக்கும். வினையைச் சுட்டும் முடிகல்லே கலைச்சொல்லாகத் தகும். கூர்முனை வளைவு சிலவற்றில் உச்சியில் கல்லின்றி, இரு கற்கள் கூடும் பொருத்து மட்டுமே இருப்பதுண்டு. அங்கே முடிகல் இல்லை, முடி மட்டும் உண்டு என்று பிழையின்றிக் கூறவும் இவ்வேறுபாடு உதவும்.

'ஸ்பிரிங்கர்' என்பதில் அகராதியை மட்டும் நம்புவோர் சுருள்வில்லையும் நீரூற்றையும் சென்றடைய நேரும். சுவரினின்று வளைவு மேலெழத் தொடங்கும் முதற்கல்லே இங்குக் குறிக்கப்படுவது. 'எழுகல்' என்றும், இருபுறத்து எழுகற்களின் அடியை இணைக்கும் கற்பனைக் கோட்டை 'எழுகோடு' என்றும் கொள்ளலாம். எழுகல்லைத் தாங்கும் 'இம்போஸ்ட்' என்பது, தூணின் தலையில் போதிகைக்குக் கீழே பலகை நிற்பது போன்றதே. ஆகவே 'தாங்குபலகை' என்பதை மரபறிந்த சிற்பியும் உடனே விளங்கிக்கொள்வார்.

'இன்ட்ரடோஸ்', 'எக்ஸ்ட்ரடோஸ்' என்பன உள்முதுகு, வெளிமுதுகு எனப் பொருள்படும். இவற்றுக்கு அகடு, முகடு என்னும் இணையைப் பரிந்துரைக்கத் தோன்றும். ஓசையும் பொருளும் கவர்பவை. ஆயினும் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் அலையின் மேடும் பள்ளமும் முகடு, அகடு என நிலைபெற்றுவிட்டன. அலையின் அகடு மேல்நோக்கித் திறந்தது. வளைவின் உட்புறம் கீழ்நோக்கித் திறந்தது. ஒரே மாணவர் இரு பாடங்களில் ஒரே சொல்லை எதிரெதிர் வடிவங்களுக்குக் கற்க நேரும். எனவே அகம், புறம் என்னும் பழகிய இணையைத் தழுவி 'அகவளை', 'புறவளை' என அமைப்பதே நன்று.

'ஹான்ச்' என்பது ஆங்கிலத்தில் இடுப்பைச் சார்ந்த பகுதி. ஆங்கிலச் சொற்களில் முடியும் இடுப்பும் முதுகும் தொடர்பின்றிக் கலந்துள்ளன. தமிழில் அடி, தோள், முடி என ஒரே உடலின் ஒழுங்கைப் பேணலாம். முடிக்கும் அடிக்கும் இடையே வளைந்து சரியும் பகுதி தோளே. விமானத்தின் உறுப்புகளைப் பாதம், கிரீவம், சிகரம் எனக் காலாகவும் கழுத்தாகவும் தலையாகவும் கண்ட மரபுக்கு இது இயல்பானது. அவ்வாறாயின், வளைவுத் தோளுக்கும் சதுரச் சட்டகத்துக்கும் இடைப்பட்ட முக்கோணப் பரப்பாகிய 'ஸ்பேண்ட்ரல்' தானே 'தோள்வெளி' ஆகிறது. லோதி காலக் கட்டடங்களில் பதக்கங்கள் பொறிக்கப்படும் இடம் அதுவே.

'அபட்மென்ட்', 'பட்ரெஸ்' ஆகியவற்றுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டியதில்லை. சாயும் சுவருக்கும் பந்தலுக்கும் ஊன்றும் முட்டை உதைகால் என்பது தமிழ் வழக்கு. 'உதைசுவர்' என்பதும் உண்டு. பக்கவாட்டு விசையை 'உதைப்பு' எனின் வளைவு உதைப்பதும் சுவர் எதிர்த்து உதைப்பதும் ஒரே வினையால் விளங்கும். வானூர்தித் துறைக்குரிய உந்துவிசை என்ற சொல்லை இங்குக் கொணர்வது, நகராத பொருளை நகரும் பொருளாகக் காட்டும்.

சதுர அறையின் மேல் வட்டக் குவிமாடத்தை அமைக்க மூலைகளில் கட்டப்படும் 'ஸ்குவிஞ்ச்' என்பதற்கு 'மூலைவளைவு' என்பது போதும். நான்கு மூலைகளையும் வெட்டிச் சதுரத்தை எண்கோணமாக்கி, எண்கோணத்தை வட்டத்துக்கு அணுக்கமாக்குவது அதன் பணி. சதுரம், எண்பட்டை, வட்டம் என்னும் இவ்வரிசையைத் தமிழ்ச் சிற்பி நன்கறிவார். நாகர, திராவிட, வேசரச் சிகரங்களை முறையே நாற்கோணம், எண்கோணம், வட்டம் என அவர் வகுப்பதும் இதே வடிவங்களால்தான். சவுத் எக்ஸ்டென்ஷனின் சதுரக் கல்லறைகளை விளக்கும் மொழிபெயர்ப்பாளர் 'எண்பட்டையாக்கி' என்ற ஒரு சொல்லால் ஒரு வாக்கியத்தைச் சேமிக்கலாம்.

7. முடிவுரை

கலைச்சொல்லாக்கத்தில் தமிழுக்கு நூறாண்டைக் கடந்த பட்டறிவு உண்டு. அறிவியலின் பல துறைகளில் நிலைத்த சொற்கள் பெரும்பாலும் பொருளின் செயலைக் கண்டு அமைந்தவை. அயற்சொல்லின் படிமத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை பட்டியலோடு நின்றன. வளைவுக் கட்டுமானத்திலும் இதுவே அளவுகோல் ஆகத்தக்கது. ஒரு சொல் வடிவத்தைக் கூறுகிறதா, இடத்தைக் கூறுகிறதா, வினையைக் கூறுகிறதா என முதலில் கேட்டல் வேண்டும். தோரணமும் கூடும் வடிவத்தைக் கூறுவன. தோள்வெளியும் மூலைவளைவும் இடத்தைக் கூறுவன. ஆப்புக்கல், எழுகல், முடிகல், உதைசுவர், கவிகூரை ஆகியவை வினையைக் கூறுவன. மூன்று வகையும் தேவையே. ஒன்று மற்றொன்றன் இடத்தில் நிற்றலே பிழை.

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தி அன்று. பழங்கட்டடத்தைப் பழுதுபார்ப்போர்க்குத் தமிழில் எழுதப்படும் கையேடு, சாய்ந்த மூலைக் கட்டுமானத்தை 'அலங்காரச் சுவர்' என்று குறித்தால், அதனை அகற்றுவதில் தீங்கில்லை என்றே படிப்பவர் கொள்வார். அதனையே 'உதைசுவர்' என்று குறித்தால், எதனை உதைக்கிறது என்ற கேள்வி அவரிடம் தானே எழும். தமிழ்நாட்டில் வளைவும் கவிகூரையும் கொண்டு நிற்கும் அரண்மனைகளும் களஞ்சியங்களும் பாலங்களும் அலுவலகக் கட்டடங்களும் பல. வளைவு கட்டத் தெரிந்த கொத்தர் குறைந்துவரும் நாளில், அவர் கையறிவின் ஒரு பகுதியையேனும் சொல் சுமந்து செல்ல வேண்டும். கிட்வாய் நகரின் கவிகை மாடத்தைத் தமிழில் விளக்கப் பொருந்தும் அதே சொற்றொகுதி, செஞ்சியின் களஞ்சியத்துக்கும் திருநெல்வேலியின் பாலத்துக்கும் பொருந்துமாயின், அதுவே அச்சொற்றொகுதி தகுதியுடையது என்பதற்குச் சான்றாகும்.